பேசாத பலகை

சிறு கட்டுப்பாட்டுப் பலகையொன்றை வாங்கிய மாணவன் அதனைக் கணினியோடு இணைத்து நிலைபொருளை ஏற்ற முயல்கின்றான். பலகையில் விளக்கு எரிகின்றது. கணினியோ இணைப்புத் துறையைக் காணவில்லை என்கின்றது. பலகை பழுதென்று தீர்மானித்து அவன் அதனை ஒதுக்கிவிடுகின்றான். அதனோடு அவனுடைய ஊக்கமும் ஒடுங்கிவிடுகின்றது. பெரும்பாலும் பழுது பலகையிலன்று, இடைவழியிலேயே உள்ளது.

ஈ.எஸ்.பி. 32 என்னும் சில்லு யூ.எஸ்.பி. மொழியை அறியாதது. ஆதலால் அதனைத் தாங்கிய பலகைகளில் சி.பி. 2102, சி.எச். 340 போன்ற வேறொரு சில்லு துபாஷியாக நிற்கின்றது. அத்துபாஷியோடு கணினி உரையாடத் துணைசெய்யும் மென்பொருளே இயக்கி எனப்படுவது.

சோதனைக்கு ஓர் ஒழுங்குண்டு. முதலிற் கம்பி. மின்னேற்றத்துக்கென்றே செய்யப்பட்ட சில கம்பிகளில் தரவு செல்லும் இரண்டு இழைகளும் இல்லை; விளக்கு எரியும், பேச்சு நிகழாது. வேறு கம்பியை இட்டபின், விண்டோஸ் கணினியின் சாதனப் பட்டியலைப் பார்த்தல் வேண்டும். அங்கே மஞ்சட் குறியோடு பெயர் தோன்றின், பெரும்பாலும் இயக்கி இல்லையென்பதே பொருள். சில்லின் முதுகிற் பொறித்த எண்ணைப் படித்து, அதனை ஆக்கியோர் வெளியிட்ட இயக்கியையே நிறுவுக. துறை தோன்றியும் ஏற்றம் தொடங்காவிடின், 'பூட்' என்னும் பொத்தானை அழுத்தியவாறு மீண்டும் முயல்க.

இடைவழிப் பழுதுக்கு ஒரு சான்று கூறலாம். 2014 ஆம் ஆண்டில் எவ்.ரி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய இயக்கியொன்று, அதன் சில்லுகளைப் போலச் செய்த போலிகளின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கியது. கணினிகள் அவற்றை அறியவில்லை, சில்லுகளோ சாகவில்லை. எண்ணைத் திரும்ப எழுதியோர் அவற்றை மீண்டும் பயன்படுத்தினர்.

பேசாத பொருளெல்லாம் இறந்த பொருளன்று. கைவிடுமுன் வழியைச் சோதித்தலே அறிவுடைமை.