படகுக்கு எந்த என்ஜின்?

(பழவேற்காட்டு ஏரிக்கரைக் கிராமங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நாம் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிற்குச் சென்றிருந்தபொழுது, நால்வர் கூட்டாக வைத்துத் தொழில் செய்யும் பழைய படகு ஒன்றைக் காட்டினார்கள். மரப்படகு, மேலே கண்ணாடியிழை பூசப்பட்டது. பின்புறத்தில் இரண்டு பெட்ரோல் என்ஜின்கள். "இவற்றைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் வைக்கலாமா, ஐயா?" என்று நால்வரில் மூத்தவர் கேட்டார். "வையுங்கள்" என்று உடனே சொல்ல நா எழுந்தது. ஆயினும் சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தின் காரணத்தையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

இதில் விவசாயிகளுக்கு என்ன வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். ஏற்றமும் கவலையும் போய்க் கிணற்றுமேட்டில் ஆயில் என்ஜின் வந்த நாளிலிருந்து அதன் குணம் அறிந்தவர்கள் நீங்கள். ஆனால் கிணற்றுமேட்டு என்ஜின் சிமெண்டுத் தளத்தின்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. படகில் அந்தத் தளம் எங்கே? நம்முடைய தயக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் டீசலின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். ஒரு குதிரை சக்திக்கு மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் டீசல் போதும். எண்ணெய் கலந்து ஓட்டும் பழைய மாதிரிப் பெட்ரோல் என்ஜினுக்கு அரை லிட்டராவது வேண்டும். டீசல் என்ஜினில் தீப்பொறிக் கருவி கிடையாது. ஆகவே உப்புநீர் பட்டு அது கெட்டுப்போகும் தொல்லையும் கிடையாது. பெட்ரோல் ஆவியோ காற்றினும் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும் அந்த ஆவிக்கு ஒரு பீடி நெருப்பே போதும். டீசலில் அவ்வளவு அபாயம் இல்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். படகு சராசரியாக 6 குதிரை சக்தியில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓடுவதாகக் கொள்வோம். டீசல் 6 லிட்டர், பெட்ரோல் 12 லிட்டர் செலவாகும். டீசல் லிட்டர் 92 ரூபாய், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாள் ஒன்றுக்கு 648 ரூபாய் மிச்சம். ஆண்டில் 200 நாள் கடலுக்குப் போகிறவருக்கு இது 1,29,600 ரூபாய். 60 நாளே ஓட்டுகிறவருக்கு 38,880 ரூபாய்தான். புது என்ஜினுக்கு வாங்கிய கடனின் வட்டியும் தவணையும் அதை விழுங்கிவிடக்கூடும். மேலும், பதிவு பெற்ற நாட்டுப்படகுகளுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் 4,400 லிட்டராக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. பெட்ரோல் ஊற்றுகிறவருக்கு அதனால் பயனில்லை.

இவ்வளவு நன்மையிருந்தும் ஏன் தயங்கினோம்? 1952இல் ஒப்பந்தமாகிக் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் நடைபெற்ற இந்திய-நார்வே திட்டத்தை நினைத்துக்கொண்டோம். அங்கும் உள்ளூர் வள்ளங்களில் என்ஜினைப் பொருத்திவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். அது சரிப்படவில்லை. என்ஜினுக்கென்றே புதிய படகுகளைக் கட்ட நேர்ந்தது. அழுத்தம் மிகுதியாதலால் டீசல் என்ஜின் கனத்த இரும்பாக அமைகிறது. அதன் அதிர்ச்சியும் பெரிது. இற்றுப்போன பலகையில் அதை முடுக்கினால், முதலில் மரையாணி தளரும், பிறகு மூட்டு விடும், பிறகு தண்ணீர் கசியும். பின்புறம் கனத்துத் தாழ்ந்த படகு முகத்துவாரத்து அலையில் என்ன ஆகும் என்பதை மீனவ அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை இக்கரை இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது ஆழம். நம் ஏரி பரப்பில் பெரிதே தவிர, சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். முகத்துவாரமோ மணல் மூடி மூடித் திறப்பது. மெதுவாகச் சுழலும் டீசல் என்ஜினுக்குப் பெரிய விசிறி வேண்டும். அது சேற்றிலும் வலையிலும் மாட்டும். இதற்கு ஒரு வழி முன்பே கண்டிருக்கிறார்கள். 1979இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார், என்ஜினையும் தண்டையும் விசிறியையும் ஒன்றாகச் சேர்த்து, வேண்டியபோது மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். டீசல் வாங்குகிறவர் தூக்கும் அமைப்பு உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு என்ஜின் உள்ள படகில் ஒன்று நின்றால் மற்றொன்று கரை சேர்க்கும். இரண்டையும் விற்று ஒரே டீசல் என்ஜினை வைத்தால் அந்தத் துணை போய்விடும். பழையவற்றில் நல்லதொன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளலாம் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் கேன்களுக்கு வேறுவேறு வண்ணம் தீட்டிவிடுங்கள். இருட்டில் டீசல் தொட்டியில் பெட்ரோலை ஊற்றினால் பம்பு பாழாகும்.

ஏரிக்குள்ளேயே தொழில் செய்து, கழியும் பாயும் துணைகொண்டு திரும்புகிறவருக்கு இந்தச் செலவே வேண்டாம். கைச்செலவின்றி மிச்சம் பிடிக்க அவர்க்கும் ஒரு வழி உண்டு: வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரத்திற்கு எரிபொருள் ஐந்தில் ஒரு பங்குவரை குறையும். இளைஞர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், டீசல் போட்ட பின்னும் இந்தக் கணக்கு மாறாது.

அந்த நால்வரிடம் நாம் சொன்னது இதுதான்: படகைக் கரையேற்றுங்கள். பூச்சைச் சுரண்டி அடிப்பலகையை ஆணியால் குத்திப் பாருங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை நாள் கடலுக்குச் சென்றீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பலகை உறுதியாக இருந்து, நாளும் 150க்கு மேல் வந்தால் கடன் மனுவோடு வாருங்கள். படகு இப்பொழுது கரையில் கிடக்கிறது. தச்சர் அடுத்த வாரம் வருகிறார்.