புள்ளியியல் இயற்பியல்: போகும் வழியும் ஆகும் செலவும்

(படவேட்டில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரேணுகாம்பாள் தரிசனம் முடித்து, சாப்பாட்டுக்கு முன்னால் கிடைத்த இந்தக் கொஞ்ச நேரத்தில் என்னை இயற்பியல் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பசி வேளை. சுருக்கமாகவே சொல்கிறேன்.

புள்ளியியல் இயற்பியல் என்றால் என்ன? ஆடி வெள்ளிக்கு இந்தப் படவேட்டுக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு ஆள் எங்கே நிற்பார், எந்தக் கடையில் வளையல் பேரம் பேசுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த நேரத்தில் வரிசை நீளும், எந்த மூலையில் நெரிசல் வரும் என்று பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரர் சொல்லிவிடுவார். தனி ஆள் கணக்குக்குள் வரமாட்டார்; கூட்டம் வரும். பொருள்களிலும் அப்படித்தான். 18 கிராம் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளை எழுத வேண்டுமானால் 6 போட்டு 23 பூஜ்யம் போட வேண்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓட முடியுமா? நிகழ்தகவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மொத்தமாக அது எப்போது கொதிக்கும், எப்போது உறையும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறை. மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மன், கிப்ஸ் ஆகியோர் 19-ஆம் நூற்றாண்டில் போட்ட அஸ்திவாரம்.

அடுத்த கேள்வி, "இதுக்கு எந்த டிகிரி சார் சேரணும்?" நம் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தப் பெயரில் டிகிரி கிடையாது. சாதாரண பி.எஸ்சி. இயற்பியல்தான் வாசல். சிலர் கணிதத்தின் வழியாகவும் வருகிறார்கள்.

நம் மாநிலத்திலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-ல் இயற்பியல் ஹானர்ஸ் முடித்தவர். ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. பையனுக்கு அறிவியல்தான் பிடித்தது. தாயார் அவர் பக்கம் நின்றார். 1928-ல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, 18 வயதுகூட நிரம்பாத இந்த மாணவர் நேரில் போய்ப் பார்த்தார். "நீ என் புத்தகத்தில் படித்த இயற்பியல் அதற்குள் மாறிவிட்டது" என்ற பொருள்பட அவர் சொல்லி, ஃபெர்மி-டிராக் புள்ளியியலை உலோகங்களுக்குப் பயன்படுத்திய தம் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். பையன் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. அந்தப் புதிய புள்ளியியலை வைத்தே எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அதே புள்ளியியலைக் கொண்டு, முதுமையடைந்த விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்குப் போட்டார். 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அவருக்கு வழி திறந்தது பாடத்திட்டத்தினால் அல்ல. பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு மனிதரைப் போய்ப் பார்த்ததும், கிடைத்த தாளை விடாமல் படித்ததும்தான்.

அதே சந்திரசேகர்தான் 1962 ஜனவரியில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். அதை உருவாக்கிய அல்லாடி ராமகிருஷ்ணனும் நிகழ்தகவுச் செயல்முறைகளில் ஆராய்ச்சி செய்தவரே. தரமணியில் இருக்கும் அந்த நிறுவனத்தில் இன்றும் புள்ளியியல் இயற்பியல் ஆராய்ச்சி நடக்கிறது. போளூரில் பஸ் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரலாம்.

இந்தத் துறையின் பெரிய கௌரவம் போல்ட்ஸ்மன் பதக்கம். 2022-ல் அதைப் பெற்ற தீபக் தர்தான் அதைப் பெற்ற முதல் இந்தியர். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. படித்தவர். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் எப்போது சிறிதாகச் சரியும், எப்போது பெரிதாகச் சரியும் என்ற மணற்குவியல் மாதிரியில் 1990-ல் அவர் கண்ட கணிதம் உலகப் புகழ் பெற்றது. கமண்டல நாகநதி மணலில் விளையாடிய பிள்ளைகளுக்கு இது தூரத்து விஷயமா என்ன? அவரோடு அந்தப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்ட ஹாப்ஃபீல்டுக்கு 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவின் வேர்களில் ஒன்று இந்தத் துறையில் இருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். பி.எஸ்சி. மூன்று வருஷத்தில் வெப்ப இயக்கவியல், குவாண்டம் இயக்கவியல் இரண்டையும் மனப்பாடம் செய்யாமல் படியுங்கள். நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு, நேரியல் இயற்கணிதம் மூன்றையும் கணிதத் துறை நண்பர்களோடு உட்கார்ந்து போடுங்கள். கம்ப்யூட்டரில் பைத்தான் போல ஒரு மொழி கைவசம் இருக்கட்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் என்.பி.டி.இ.எல். வழியாக இலவசமாகவே கிடைக்கின்றன. கோடை விடுமுறையில் அறிவியல் அகாடமிகள் தரும் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். இறுதியாண்டில் ஜாம், ஜெஸ்ட் தேர்வுகள் இருக்கின்றன. ஜாம் எழுதினால் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.; ஜெஸ்ட் எழுதினால் தரமணி போன்ற நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு.

இனி செலவு. போன மாதம் நம் கல்லூரியில் ஒரு மாணவி கேட்டாள்: "எங்க அப்பா இன்னும் ரெண்டு வருஷம்தான் படிக்க விடுவேன்னுட்டார். நீங்க சொல்றது ஏழெட்டு வருஷம் ஆகுமே சார்?" நியாயமான கேள்வி. மூத்த பெண், கீழே தம்பி, வீட்டில் இரண்டு மாடு. அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும். மொத்தம் எத்தனை வருஷம் என்று கேட்காதீர்கள். வீட்டுக் காசில் எத்தனை வருஷம் என்று கேளுங்கள். எம்.எஸ்சி. இரண்டு வருஷம் வீட்டுக் காசு. அதன் பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் இடம் கிடைத்தால் பி.எஸ்சி. முடித்த உடனேயே உதவித்தொகை தரும் நிறுவனங்களும் உண்டு. அப்பா கொடுத்த இரண்டு வருஷம் போதும்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. போட்டி கடுமை. பிஎச்.டி. ஐந்து வருஷமாவது ஆகும். அதன் பிறகு வெளியூரிலோ வெளிநாட்டிலோ தற்காலிக ஆராய்ச்சி வேலை. நிரந்தர வேலை கிடைக்கும்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும், கிடைக்காமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு படியிலும் நின்று யோசியுங்கள். எம்.எஸ்சி.யோடு நின்றாலும் பி.எட். முடித்து ஆசிரியராகலாம். நிகழ்தகவும் கம்ப்யூட்டரும் தெரிந்தவரை வங்கியும் தரவு நிறுவனங்களும் கூப்பிடுகின்றன. ஒரே கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு நாலாம் நாளும் அதைத் தேடுகிற மனசு இருந்தால் மேலே போங்கள். இல்லையென்றால் இறங்கிக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளில் பலர் தேர்வுக் கட்டணமும் வெளியூர் தேர்வு மையத்துக்குப் போய்வரும் செலவும் இல்லாமலேயே விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு மாணவருக்கு அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அதோடு, அவர்கள் வீட்டுக்கு ஒரு தரம் போய் அப்பா அம்மாவிடம் இந்தக் கணக்கை விளக்கிச் சொல்லுங்கள். இயற்பியல் தெரிய வேண்டும் என்பதில்லை. வரவு செலவு தெரிந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.