நாளுக்கொரு சித்திரம்



ஐம்பது வயதைக் கடந்த ஒரு பாடசாலை அதிபர், சோளகக் காற்று மணலை வாரி இறைக்கும் வேளையில், மடியில் பலகையும் கையில் தூரிகையுமாகக் கடற்கரையில் அமர்ந்திருந்தால், காண்பவர் என்ன நினைப்பர்? மன்னாரிலே என்னைக் கண்ட மீனவப் பெரியவர் ஒருவர், "வீட்டிலே ஏதும் கோபமோ?" என்று மிகுந்த பரிவோடு விசாரித்தார். கோபம் ஒன்றுமில்லை, நோன்பு ஒன்று எடுத்திருந்தேன். அந்த நோன்பைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

யூலை மாதத்தை உலக நீர்வர்ண மாதமாகக் கொண்டாடும் வழக்கத்தை 2016ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் சார்லி ஓஷீல்ட்ஸ் தொடக்கி வைத்தார். முப்பத்தொரு நாளும் நாளுக்கொரு சித்திரம் தீட்ட முயல்வதே அதன் நியமம். பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. இதற்கு முன்னரே, 2009இல், யேக் பார்க்கர் என்பவர் ஒக்ரோபர் மாதம் முழுவதும் நாள்தோறும் மையினால் வரையும் பயிற்சியை ஆரம்பித்திருந்தார். இன்று பல நாடுகளில் எண்ணற்றோர் இத்தகைய பயிற்சிகளில் ஈடுபடுகின்றனர். அவர்களுள் ஒருவனாக நானும் சென்ற யூலையிற் சேர்ந்துகொண்டேன்.

நான் கைக்கொண்ட வர்ணங்கள் இருவகை. ஒன்று நீர்வர்ணம். மற்றது குவாஷ் எனப்படும் கனத்த வர்ணம். நமது பாடசாலைகளிற் பயன்படும் போஸ்டர் வர்ணம் அதற்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: நிறப்பொடியும், வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களின் பிசினும். ஆனாற் குணம் வேறு. நீர்வர்ணம் கண்ணாடி போன்றது. அதன் ஊடே தாளின் வெண்மை ஒளிவிடும். வெளிச்சம் வேண்டிய இடத்தை முதலிலேயே தீண்டாமல் விட்டுவைத்தல் வேண்டும். இருட்டிய பின்னர் மீட்பது அரிது. குவாஷில் நிறப்பொடி மிகுதி. சில வகைகளில் வெண்சுண்ணப் பொடியும் சேர்வதுண்டு. ஆகவே அது அடியில் உள்ளதை மறைத்து நிற்கும். இருளின் மேலும் ஒளியை வைக்கலாம். மொகலாயர் காலத்துச் சிற்றோவியங்கள் இவ்வகையான மறைக்கும் வர்ணத்தாலேயே தீட்டப்பட்டவை.

நூல்களிற் படித்த இந்த இலட்சணங்களையெல்லாம் மன்னார்க் காற்று ஒரே நாளிற் குழப்பிவிட்டது. வானத்தைத் தீட்ட ஈரம் பூசினால், தூரிகையை நீலத்திலே தோய்த்து எடுப்பதற்குள் தாள் உலர்ந்துவிடும். கிணற்று நீரின் உவர்ப்பினால் வர்ணம் திரிதிரியாகப் படியும். மெல்லிய சித்திரக் கொப்பித் தாளோ அப்பளம்போல நெளியும். போதாக்குறைக்கு, நம் தீவிற் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளுள் ஒன்று, ஐந்தாம் நாட் சித்திரத்தை மணம் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றது. அதன் இரசனையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

பதினோராம் நாள் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடிக்குச் சென்றேன். ஆபிரிக்காவுக்கு உரிய அம்மரத்தை அராபிய வணிகர் இங்கு கொணர்ந்தனர் என்பது மரபு. அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றர். உயரமோ அதிற் பாதியுமில்லை. சிறு வயது முதல் பார்த்துப் பழகிய மரமாதலால், அதிகம் நோக்காமலே சாம்பல் நிறத்தைக் குழைத்துப் பூசத் தொடங்கினேன். அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பாடசாலைச் சிறுமி ஒருத்தி, தயங்கித் தயங்கி, "சேர், மரம் அந்த நிறமில்லையே" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் செம்பும் இளஞ்சிவப்பும் கலந்து மின்னிற்று. நிழற்பக்கம் கத்தரிப்பூ நிறமாயிருந்தது. சாம்பல் நிறத்தை எங்கும் காணேன். நாற்பது ஆண்டுகளாக நான் மரத்தைப் பார்க்கவில்லை, மரத்தைப் பற்றிய என் நினைப்பையே பார்த்து வந்திருக்கின்றேன் என்பது அப்போதுதான் புலனாயிற்று.

"உனக்கு இது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "நான் கீறிப் பார்த்திருக்கிறேன், சேர். ஆனால் இப்ப எங்களுக்குச் சித்திரப் பாடம் இல்லைத்தானே" என்றாள்.

நேயர்களே, அந்தப் பாடம் இல்லாமற் போனதற்குக் காரணம் நானே. பரீட்சைப் பெறுபேறுகளை உயர்த்தவேண்டும் என்ற ஆவலில், சித்திரத்துக்குரிய பாடவேளைகளைக் கணிதத்துக்கு மாற்றி, நேரசூசியிற் கையொப்பமிட்டவன் நான். கலைப் பட்டதாரியாகிய என் கையே அதைச் செய்தது. அன்று தீட்டிய சித்திரம் பாதியில் நின்றது. மேற்கொண்டு தூரிகை ஓடவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெருநிலக் கரையிலுள்ள அரிப்புக்குச் சென்றேன். அல்லிராணிக் கோட்டை என்று மக்கள் வழங்கும் அந்த மாளிகையை எழுப்பியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆண்ட பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காகக் கட்டிய இல்லம் அது. அக்காலத்திலே இலங்கையில் வாழ்ந்த மதகுரு யேம்ஸ் கோடினர், 1807இல் வெளிவந்த தமது நூலில் அதனை வருணித்துள்ளார். இன்று கடலரிப்பினால் அது இடிந்து, சில சுவர்களே எஞ்சியுள்ளன. கடலின் ஒளி பின்னால் இருந்ததனால் சுவர்கள் கறுத்துத் தோன்றின. முதலில் இருளைத் தீட்டி, அதன்மேல் வெண்மை கலந்த குவாஷினாற் சுண்ணச் சாந்தின் எச்சங்களை ஒவ்வொன்றாக வைத்தேன். பிழையின் மேலும் ஒளியை வைக்க இடந்தரும் வர்ணம் அது என்பதை நினைத்துக்கொண்டேன். மாளிகை சுண்ணமும் செங்கல்லுமாய்க் கரைந்துகொண்டிருக்கின்றது. பார்த்தவர் வரைந்து வைத்ததனால் அதன் உருவத்தை நாம் ஓரளவேனும் அறிகின்றோம்.

நாள்தோறும் தீட்டுதல் புதுமையான வெளிநாட்டு மோகம் என்று சிலர் கருதலாம். அப்படியன்று. 1920களில் இலங்கையின் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய வின்சரின் பெயரால், 1938இல் யாழ்ப்பாணத்திலே வின்சர் சித்திரக் கழகத்தை எஸ். ஆர். கனகசபை அவர்கள் நிறுவினார். பின்னர் அ. மாற்கு அவர்கள் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் மூலம் பலரைத் தூரிகை பிடிக்கச் செய்தார். ஓய்வு நேரத்திற் கூடியிருந்து தீட்டும் பழக்கம் நம் வடபுலத்துக்கு அந்நியமானதன்று.

முப்பத்தொரு நாளில் எனக்குத் தேறியவை இருபத்தேழு சித்திரங்கள். காய்ச்சலால் இரண்டு நாளும், கூட்டங்களால் இரண்டு நாளும் தவறின. தவறிய நாளுக்காக மறுநாள் இரண்டு தீட்ட முயன்றபோது இரண்டுமே கெட்டன. ஆகவே, விட்டதை விட்டுவிட்டு அன்றைய நாளைத் தொடர்வதே முறை என்று கண்டேன். இருபத்தேழிலும் பிறருக்குக் காட்டத்தக்கவை நான்கு. வங்காலையின் பூநாரைகளைத் தீட்டும் ஆசை நிறைவேறவில்லை. அவை மாரி காலத்து விருந்தாளிகள். இருப்பதைத் தீட்டினேன்: பனை, தோணி, தலைமன்னாரின் பழைய இறங்குதுறை.

மாதம் முடிந்ததும் நேரசூசியைத் திருத்தினேன். சித்திரப் பாடவேளைகள் மீண்டும் இடம் பெற்றன. கணித ஆசிரியர் முகஞ் சுளித்தார். பெற்றோர் சிலர் காரணம் கேட்டனர். அவர் கவலை நியாயமானது. ஆகவே பாடசாலை முடிந்தபின் கணிதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். பெறுபேறு எப்படி அமையுமோ, நானறியேன். பொறுப்பு என்னுடையது.

உங்களுள் எவரேனும் இந்நோன்பை மேற்கொள்ள விரும்பினால், பெருஞ்செலவு வேண்டியதில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று வர்ணங்களும், சிறிது வெள்ளையும், ஒரு தூரிகையும், தடித்த தாளும் போதும். அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் உங்கள் முற்றத்து மரத்தைத் தீட்டுங்கள். அருகில் ஒரு பிள்ளை இருந்தால், அது என்ன நிறம் என்று கேட்டுவிட்டுத் தூரிகையைத் தோயுங்கள்.