காரணம் தெரியாவிட்டாலும் காலைக் காப்பாற்றுவோம்

(பல்லேகம தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதார உரை)



மலையில் வழுக்கி விழுந்து காலில் அடிபடுவது நமக்குப் புதுசில்லை. "எலும்பு முறியல, எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டினாச் சரியாயிரும்" என்று லயத்திலேயே படுத்துவிடுகிறோம். சில வேளை அதுவே காலுக்கு எமனாகிவிடும்.

கால் தசைகளைச் சுற்றி உறுதியான உறை இருக்கிறது. உள்ளே வீக்கமோ இரத்தக்கசிவோ வந்தால் அந்த உறை விரிந்து கொடுக்காது. அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் குறையும். தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். இறுக்கமான கட்டினால் கை முடங்குவதை ஜெர்மன் வைத்தியர் ஃபோல்க்மான் 1881இலேயே எழுதினார். எலும்பு முறிவு, பாரம் விழுந்து நசுங்குதல் என்று காரணம் பல. அபூர்வமாக, காரணமே புலப்படாமலும் வரும்.

அடையாளம் என்ன? அடிக்குப் பொருந்தாத கடும் வலி, மாத்திரைக்கும் அடங்காது. கால்விரலை மற்றவர் அசைத்தால் உயிர் போகும். கெண்டைக்கால் பலகைபோல் இறுகும். பாதம் மரத்துப்போகும். நாடி துடிக்குதேன்னு ஏமாறாதீங்க. ஆபத்திலும் அது துடிக்கும்.

இறுக்கிய கட்டுகளைத் தளர்த்துங்கள். தேய்க்காதீர்கள். காலை நெஞ்சு மட்டத்தில் வைத்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆஸ்பத்திரியில் குறிகளைப் பார்த்து, தேவையானால் அழுத்தத்தையும் அளந்து, அந்த உறையைக் கீறி விடுவார்கள். காயத்தைச் சில நாள் திறந்தே வைப்பார்கள், பயப்படாதீங்க.

ஆறு மணி நேரத்துக்குள் செய்தால் கால் பிழைக்க வாய்ப்பு அதிகம். மாத்தளைக்குப் போகும் மலைப்பாதையிலேயே நேரம் கரையும். அதனால் காரணத்தைப் பிறகு தேடலாம்; விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.