ஆயாவின் பாட்டும் திறந்த கணினியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கணினியைப் பற்றி ஏதேனும் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். அதைப் பேச என்னினும் தகுதியுடைய பிள்ளைகள் இந்த அவையிலேயே பலர் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே பொதுப்படையாகப் பேசாமல், என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையே சொல்லத் துணிகிறேன். சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு பாட்டுக் கருவியை லினக்ஸ் இயங்குதளத்தோடு இணங்க வைத்த கதை அது.

என் தாயார் இந்த மரக்காணத்து உப்பளங்களில் நாற்பது ஆண்டுகள் உப்பு வாரியவர். பாத்தி மிதிக்கும்போதும், கூடை சுமந்து வரப்பேறும்போதும் அவர் பாடிய பாட்டுகள் எந்த ஏட்டிலும் இல்லை. அவற்றைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியுடன் எவரும் அந்த வரப்பில் வந்து நின்றதும் இல்லை. என் தமக்கையின் மகள் தன்னிடமிருந்த சிறு எம்.பி.3 பிளேயரில் குரலைப் பதியும் வசதி இருப்பதைக் கண்டாள். தன் ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்துப் பன்னிரண்டு பாட்டுகளைப் பதிந்துகொண்டாள். இது 2014ஆம் ஆண்டுக் கோடையில். அந்த ஆண்டு மழைக்காலம் முடியுமுன் என் தாயார் மறைந்தார்.

கருமாதி நாளன்று உறவினர் அப்பாட்டுகளைக் கேட்க விழைந்தனர். கருவியின் மின்கலமோ கால்மணிக்கு மேல் நிற்கவில்லை. அது உள்ளேயே பொருத்தப்பட்டது; நம்மால் கழற்றி மாற்ற இயலாது. கருவி முற்றிலும் ஓய்ந்துபோவதற்குள் பாட்டுகளைக் கணினிக்கு மாற்றியாக வேண்டும் என்பது அனைவர்க்கும் புரிந்தது.

கணினி இல்லாமல் இல்லை. தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நினைவிருக்கும். அத்திட்டத்தில் அவளுக்கும் ஒன்று கிடைத்திருந்தது. அம்மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ் எனப்படும் லினக்ஸ். டெபியன் என்னும் உலகப் பொதுத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. நம் பிள்ளைகளிற் பலர் இரண்டாவதைத் திறந்தே பார்த்ததில்லை. இடத்தை அடைக்கிறது என்று அழித்தவர்களும் உண்டு. அவள் கணினியிலோ முதலாவது பழுதுபட்டு, இரண்டாவது மட்டுமே எஞ்சியிருந்தது.

கருவியைச் செருகினால் திரையில் ஒன்றும் தோன்றவில்லை. நகரத்துக் கடையொன்றில் கொடுத்தோம். அங்கிருந்தவர், "லினக்ஸில் இதெல்லாம் வராது, உள்ளிருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர்போல் ஒருவர் சொன்னால் தலையாட்டுவது நம்மிடம் பழகிப்போயிற்று. பிள்ளை மட்டும், "வேண்டாம் மாமா, நான் பார்க்கிறேன்" என்று கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அவள் அவ்வாறு சொல்வதற்கு அந்த இயங்குதளத்தின் இயல்பே இடம் கொடுத்தது. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதனை எழுதிய நிரல் எவர் பார்வைக்கும் திறந்திருக்கிறது. கணினி உள்ளே என்ன செய்கிறதென்று கேட்டால் விடை சொல்லும். செருகப்பட்ட கருவிகளின் பட்டியலைக் கேட்கும் ஆணை ஒன்று உண்டு. அதன் பெயர் எல்எஸ்யுஎஸ்பி. அதை அவள் தட்டச்சு செய்தபோது, எங்கள் பாட்டுக் கருவி அந்தப் பட்டியலில் இருந்தது! கருவி வந்து நிற்பதைக் கணினி அறிந்தேயிருக்கிறது; அது பேசும் பேச்சுத்தான் விளங்கவில்லை.

இத்தகைய கருவிகள் இருவகைப் பேச்சுப் பேசும். ஒன்று எம்.டி.பி. என்பது. அதில் கருவி தன் கோப்புகளைத் தானே காத்துக்கொண்டு, கேட்டால் எடுத்துக் கொடுக்கும். அதனைப் புரிந்துகொள்ள லினக்ஸில் லிப்எம்டிபி என்னும் நிரற்றொகுதி வேண்டும். மற்றொன்று எம்.எஸ்.சி.; அதில் கருவி சாதாரணப் பென் டிரைவைப்போல் தன்னை முழுவதும் திறந்துவிடும். கருவியின் அமைப்புப் பட்டியலில் யு.எஸ்.பி. முறை என்றொரு வரி கிடந்தது. அவள் அதை எம்.எஸ்.சி.க்கு மாற்றி மீண்டும் செருகினாள். பன்னிரண்டு கோப்புகளும் திரையில் வந்து நின்றன. இரண்டு இரவு தேடிய பின் கிடைத்த தீர்வுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. சில கருவிகளில் ஒரு முறையில் ஏற்றிய பாட்டு மறுமுறையில் கண்ணுக்குத் தெரியாது; அழிந்துவிட்டதென்று அஞ்சற்க. இன்னொன்று: கருவியின் உள்ளிருக்கும் மென்பொருளையே மாற்றிவிடலாம். 2001ஆம் ஆண்டின் இறுதியில் சுவீடன் நாட்டு நண்பர்கள் சிலர், தாம் வாங்கிய கருவியின் மென்பொருள் பிடிக்காமல் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினர். அதுவே ராக்பாக்ஸ். பார்வையற்றோரும் பயன்படுத்த, பட்டியலைக் குரலால் சொல்லும் வசதி அதிலுண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பதினொரு பாட்டுகள் ஒலித்தன. பன்னிரண்டாவது ஒலிக்க மறுத்தது. கோப்பின் அளவோ பெரிதாகவே இருந்தது. பாடும்போதே மின்கலம் ஓய்ந்துபோனதுதான் காரணம். வேவ் என்னும் ஒலிக்கோப்பின் தொடக்கத்தில், பெரும்பாலும் 44 பைட்டு அளவில், ஒரு முகப்பு இருக்கும். ஒலியின் வேகமும் நீளமும் அதில்தான் குறிக்கப்படும். பதிவு பாதியில் அறுந்தால் அது சரியாக எழுதப்படாமல் போகும். குரல் உள்ளே கிடக்கும், முகவரி இராது.

அவள் கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தந்து ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருளை இறக்கினாள். முகப்பில்லாத கோப்பையும் வெறும் ஒலித்தரவாக ஏற்றுக்கொள்ளும் வழி அதில் உண்டு. வேகத்தை மட்டும் நாமே சொல்ல வேண்டும். முதலில் 44,100 என்று கொடுத்தாள். என் தாயார் ஐந்து வயதுக் குழந்தையின் கீச்சுக் குரலில் விரைந்து பாடினார். துக்க வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு 16,000 என்று கொடுத்தாள். அவர் குரல் அப்படியே வந்தது. ஒருவரும் பேசவில்லை.

மூலக்கோப்புகளை மாற்றமின்றி வைத்துக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும் படிகளை ஆக் வார்பிஸ் வடிவில் எடுத்தாள். எம்.பி.3 வடிவத்துக்கு அப்போது காப்புரிமைக் கட்டுகள் இருந்தன. ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனம் தன் உரிமத் திட்டத்தை 2017 ஏப்ரலில்தான் முடித்துக்கொண்டது.

அந்தப் பன்னிரண்டாம் பாட்டு, மின்கலம் ஓய்ந்த இடத்தில், ஓர் அடியின் நடுவே நின்றுவிடுகிறது. மீதியை அறிந்த பாட்டிமார் இருவர் இன்னும் நம் தெருவில் இருக்கின்றனர். வரும் ஞாயிறு காலை என் தமக்கையின் மகள் படிப்பகத்தில் மடிக்கணினியோடு இருப்பாள். அவ்விருவரையும் அழைத்து வாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கருவிகளையும் கொண்டு வாருங்கள். அதுவரை எந்தக் கடைக்காரர் சொன்னாலும் உள்ளிருப்பதை அழிக்க வேண்டாம்.