இடுப்பைத் தாங்கும் ஐந்து எலும்புகள்

நம் முதுகின் நடுக்கோட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தால், வரிசையாகச் சிறு முனைகள் தட்டுப்படும். முள்ளெலும்பு என்னும் தமிழ்ப் பெயர்க்கு இம்முனைகளே பொருத்தம் தருகின்றன. லத்தீன் மொழியிலும் முதுகெலும்பைக் குறிக்கும் சொல்லுக்கு முள் என்பது பொருள். ஆனால் தனி எலும்பு ஒவ்வொன்றையும் அம்மொழி ‘வெர்டிப்ரா’ என்று அழைத்தது. அச்சொல் திரும்புதல் என்று பொருள்படும் வினையினின்று பிறந்தது. ஒரு பெயர் கையில் தட்டுப்படும் உருவத்தைக் காட்டுகிறது. மற்றொன்று செய்யும் தொழிலைக் காட்டுகிறது. உறுதியாக நிற்கவும் வேண்டும், வளைந்து கொடுக்கவும் வேண்டும். இவ்விரண்டும் இடுப்பில் எவ்வாறு ஒன்றுகூடுகின்றன என்பதை இன்று காண்போம்.

கருவில் உருவாகும் முள்ளெலும்புகள் பொதுவாக 33. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 அமைந்துள்ளன. அவற்றின் கீழே உள்ள 5 எலும்புகள் வளர வளர ஒன்றாக இணைந்து, இடுப்புக் கூட்டின் பின்புறத்தில் ஆப்புப் போலப் பொருந்துகின்றன. கடைசியில் உள்ள 4 சிற்றெலும்புகள் சேர்ந்து வாலெலும்பு ஆகின்றன. தலை, கைகள், மார்பு ஆகியவற்றின் பாரமெல்லாம் இடுப்பு எலும்புகள் ஐந்தின் வழியாகவே கால்களை நோக்கி இறங்குகிறது. மார்பு எலும்புகளுக்கு விலா எலும்புகளின் துணை உண்டு. இடுப்புக்கு அத்துணை இல்லை. தசைகளும் தசைநார்களுமே அதனைச் சுற்றி நின்று காக்கின்றன. ஆதலின் தனித்தனியே நிற்கும் முள்ளெலும்புகளுள் இவ்வைந்துமே மிகப் பருத்தவை.

இவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போமாயின், முன்புறத்தில் தடித்த உருளை ஒன்று தோன்றும். பாரம் தாங்குவது பெரும்பாலும் அதுவே. அதன் பின்னிருந்து இரண்டு குட்டைக் காம்புகள் புறப்பட்டு, இரு தகடுகளோடு கூடி ஒரு வளையம் ஆகின்றன. எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இவ்வளையங்கள் சேர்ந்து நரம்புகள் செல்லும் கால்வாயாக அமைகின்றன. வளையத்திலிருந்து ஏழு முனைகள் நீள்கின்றன. பின்னோக்கி நீள்வது ஒன்று. பக்கங்களில் நீள்பவை இரண்டு. மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் மூட்டுகளாகப் பொருந்துபவை நான்கு. இடுப்பில் இம்மூட்டுகள் ஏறத்தாழ முன்பின்னாகச் செங்குத்தாய் நிற்கின்றன. அதனால் நாம் நன்றாகக் குனியவும் நிமிரவும் முடிகிறது. இடமும் வலமும் திருகுவதற்கோ சிறிதே இடமுண்டு. இடுப்பைத் திருப்புகிறோம் என்று நாம் எண்ணும்போது, பெரும்பாலும் திரும்புவன மார்புப் பகுதியும் தொடை மூட்டுகளுமே.

எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு வட்டு உண்டு. அதன் நடுவில் நீர் நிறைந்த கூழ். அதனைச் சுற்றி ஏறத்தாழ 15 முதல் 25 வரை நார் அடுக்குகள். ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாயும். கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போல இவ்வமைப்பு பல திசை இழுப்புகளையும் தாங்குகிறது. பகலில் பாரம் ஏற ஏற வட்டிலிருந்து நீர் சிறிது கசிந்து வெளியேறும். இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் ஊறிவிடும். காலையில் எழும்போது நாம் மாலையில் இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வளர்ந்தோரின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அடுத்துள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்தே அதற்கு உணவு.

கால்வாயின் உள்ளே செல்லும் தண்டுவடம் இடுப்பு முழுவதும் நீள்வதன்று. வளர்ந்தோருக்கு அது பொதுவாக முதல் அல்லது இரண்டாம் இடுப்பு எலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன்கீழ் இருப்பது நரம்பு வேர்களின் கற்றை. பார்வைக்குக் குதிரை வாலை ஒத்திருப்பதால் மருத்துவ நூல்களில் அதற்கு அதுவே பெயர். மூளைக் காய்ச்சல் போன்றவற்றை அறிய முதுகில் ஊசியிட்டு நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது, கால் விளங்காமற் போய்விடுமோ என்று உறவினர் கலங்குவதுண்டு. ஊசி செல்லும் இடமோ மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையே, அன்றி நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே. அங்கே தண்டுவடமே இல்லை. இவ்வுடற்கூற்று உண்மையை அறிந்த குடும்பம் அவசர வேளையில் காலம் தாழ்த்தாது இசையும்.

இனி, பலரை வருத்தும் வலிக்கு வருவோம். வட்டு கிழிந்து நரம்பு வேரை அழுத்துவதே காலில் இறங்கும் வலிக்குக் காரணமாகலாம் என்பதை மிக்ஸ்டர், பார் என்னும் இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1934-இல் விளக்கி எழுதினர். பெரும்பாலும் இது நிகழ்வது கடைசி இரண்டு வட்டுகளில். ‘டிஸ்க் நழுவிவிட்டது’ என்று இதனை மக்கள் கூறுகின்றனர். வட்டு மேலெலும்போடும் கீழெலும்போடும் இறுகப் பிணைந்தது. அடுக்கிய நாணயங்களுள் ஒன்று நழுவுவது போல அது நழுவுவதில்லை. நார் அடுக்குகளில் ஏற்பட்ட கிழிசலின் வழியே நடுக்கூழ் பிதுங்குகிறது. அவ்வாறு பிதுங்கிய பகுதி நாளடைவில் தானே சுருங்கி மறைவதும் மிகுதி.

எம் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கே ஒரு கவலை உண்டு. அலுவலக நண்பர் ஒருவர் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கண்ட ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடினார். ‘சிதைவு’ என்றிருந்தது. தம் முதுகு இடிந்த சுவராகிவிட்டதென எண்ணி, மூன்று வாரம் படுக்கையிலேயே கழித்தார். பேரக்குழந்தையைத் தூக்குவதையும் விட்டார். ஐம்பது வயதினரின் வட்டைப் பற்றி அச்சொல் கூறுவதெல்லாம் பெரும்பாலும் நரைமுடி கூறும் செய்தியே. 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை இவ்வாறு படமெடுத்துப் பார்த்தபோது, எல்லா வட்டுகளும் குறையின்றி இருந்தோர் 36 விழுக்காட்டினர் மட்டுமே. படத்தில் காணும் மாறுதல் அனைத்தும் நோயன்று என்பது இதனால் விளங்கும்.

படுக்கையும் மருந்தன்று. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் நடத்திய ஆய்வு 1995-இல் வெளிவந்தது. திடீர் இடுப்புவலி கண்ட அவர்களுள், இரண்டு நாள் படுத்திருக்கச் சொல்லப்பட்டவரைவிட, வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தவரே விரைவில் தேறினர்.

எனினும் சில குறிகளைக் கண்டால் வீட்டில் காத்திருத்தல் ஆகாது. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவதும், சிறுநீர் வராமல் அடைபடுவதும், உட்காருமிடம் மரத்துப் போவதும், கால்கள் வலுவிழப்பதும் குதிரை வால் நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகள். அன்றே, அப்பொழுதே மருத்துவமனை செல்லவேண்டும். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் முதுகுவலியோடு சேர்ந்து வந்தால், நம் நாட்டில் காசநோய் முதுகெலும்பைத் தாக்கியிருக்கலாம் என ஐயுற வேண்டும். உரிய மருந்தால் அது குணமாகக் கூடியது. விழுந்து அடிபட்ட முதியோரின் வலியையும், முன்பு புற்றுநோய் கண்டவரின் வலியையும் மருத்துவர் ஆராய்தல் வேண்டும்.

இக்குறிகள் இல்லாதவர் எழுந்து நடக்கலாம். கோப்புகளின்முன் மணிக்கணக்காக அமர்ந்திருப்போர் அவ்வப்போது எழுந்து சில அடி நடந்து வரலாம். வலி தணிந்தபின் நம் நண்பரைப் போன்றோர், குழந்தையை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்கிப் பழகலாம். அந்த ஐந்து எலும்புகளும் அதற்கென்றே பருத்து வளர்ந்தவை.