குறுந்தகட்டை விட்டுவிடலாமா?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவுக்கு நான் எழுதிக் கொடுத்த தலைப்பு 'பரிபாடலில் வையை' என்பது. அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சாகியுள்ளது. ஆனால் அண்மையில் எங்கள் வீட்டில் எழுந்த ஒரு சிறு வழக்கு, அந்தப் பரிபாடலையே வேறொரு கண்கொண்டு பார்க்கும்படி செய்துவிட்டது. ஆகவே வையைக் கரைக்குச் சற்றுச் சுற்றுவழியில் உங்களை அழைத்துச் செல்ல அனுமதி வேண்டுகிறேன்.

என் தந்தையார் இவ்வூர்த் திராட்சை விவசாயி என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். கவாத்து, மருந்தடிப்பு, அறுவடை என்று பகலெல்லாம் பந்தலின் கீழ் குனிந்து நிமிர்ந்தவர், இரவில் ஒரு மணி நேரமாவது பாட்டுக் கேளாமல் உறங்கமாட்டார். 2000ஆம் ஆண்டில் ஒரு நல்ல வெள்ளாமைக்குப் பிறகு மதுரைக்குச் சென்று ஒரு சி.டி. பிளேயரும் இரண்டு ஒலிபெருக்கிகளும் வாங்கி வந்தார். அம்மாவுக்குச் சங்கிலி வாங்கப் போன பயணம் அது. அந்தக் கதை இங்கு வேண்டாம். அப்பா மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இருநூறுக்கு மேற்பட்ட குறுந்தகடுகள் அலமாரியில் இருக்கின்றன.

பெங்களூரில் பணியாற்றும் என் தம்பி, அம்மா தனியாக இருக்கிறாரே என்று ஸ்ட்ரீமர் எனப்படும் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினான். உள்ளங்கை அகலப் பெட்டி. வீட்டின் இணைய இணைப்பு வழியாக எங்கோ தொலைவிலுள்ள களஞ்சியத்திலிருந்து பாட்டை இழுத்து, அப்பாவின் அதே ஒலிபெருக்கிகளில் ஒலிக்கச் செய்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க அலமாரியை ஒழித்தபோதுதான் வழக்குத் தொடங்கியது. "அக்கா, இந்த அலமாரி முழுக்க இருக்கிறது இந்தப் பெட்டிக்குள்ள ஒரு மூலைக்குக் காணாது. பிளேயரையும் சி.டி.யையும் எடைக்குப் போட்டுரலாம்" என்றான் தம்பி. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதுல உங்கப்பா எழுத்து இருக்குடா" என்று மட்டும் சொன்னார்.

வழக்கைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு மூத்தவளாகிய என்மேல் விழுந்தது. தம்பியின் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எளிய கட்சியன்று. அந்தச் சிறு பெட்டி என் தாயாருக்குச் செய்த நன்மையை நான் மறைத்தால் அது நேர்மையாகாது. சிறுமியாக டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து அமர்ந்து கேட்ட பாட்டுக்களை, அதன்பின் ஐம்பது ஆண்டுகளாகக் கேளாதவற்றை, வாயால் சொன்ன மாத்திரத்தில் அது பாடிக் காட்டியது. எந்தக் கடையில் தேடியும் கிடைத்திராத பாட்டுக்கள் அவை. அம்மா அழுதார், நான் பார்த்தேன். அப்பாவின் அலமாரியால் அதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அவற்றுள் ஒரு பாட்டு மூன்று திங்கள் கழித்துக் கிடைக்கவில்லை. பட்டியலில் அதன் பெயர் மட்டும் வெளிறிய எழுத்தில் நின்றது, தொட்டால் பாடவில்லை. தான் ஏதோ தவறாக அழுத்திக் கெடுத்துவிட்டதாக அம்மா அஞ்சினார். தவறு அவருடையதன்று. நாம் சந்தா கட்டுவது பாட்டுக்கன்று, பாட்டைக் கேட்கும் அனுமதிக்கு. உரிமையாளருக்கும் சேவைக்கும் இடையிலுள்ள ஒப்பந்தம் முறிந்தால், நம் வீட்டுக் கூடத்தில் பாட்டு நின்றுபோகும். இது நாடறிந்த செய்திதான். 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்குள் வந்தது. இரண்டு மாதத்துக்குள், பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுக்களின் வாரிசாகிய சரிகம நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. சரிகமவின் பாட்டுக்களை நீக்க ஸ்பாட்டிஃபை உடன்பட்டது. பழைய தமிழ்த் திரையிசையின் பெரும்பகுதி எச்.எம்.வி. தட்டுக்களில் வந்தது என்பதை நினைவிற் கொண்டால், அந்த நீக்கத்தின் அளவு விளங்கும். 2020 ஜூனில்தான் இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024இல் ஏர்டெல் நிறுவனம் தன் விங்க் இசைச் சேவையையே மூடிவிடுவதாக அறிவித்தது. பிறர் தோட்டத்துக் கிணற்றில் இறைத்துக்கொள்ள வாய்மொழி அனுமதி பெற்றவனின் நிலை இது. தண்ணீர் நல்ல தண்ணீர்தான்.

ஒலித்தரத்தைக் காட்டிக் குறுந்தகட்டுக்கு வழக்காடுவோரும் உளர். அந்த வாதம் இன்று வலுவிழந்துவிட்டது. ஒரு நொடி இசையை 44,100 கூறுகளாக அளந்து பதிவது குறுந்தகட்டின் முறை. தொடக்கக் காலத்து இணையச் சேவைகள் அந்த அளவைச் சுருக்கியே அனுப்பின. 2021 முதல் ஆப்பிள் மியூசிக் போன்றவை சுருக்கத்தில் இழப்பில்லாமலே அனுப்புகின்றன. என் செவிக்கு வேறுபாடு தெரியவில்லை. தெரிகிறது என்போரோடு எனக்குச் சண்டையும் இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: மின்சாரம் போய்விட்டால் இரண்டும் ஊமைதான்.

எனினும் அந்தத் தகட்டின் அமைப்பில் கவிஞர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1982இல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த இத்தகடு 12 சென்டிமீட்டர் விட்டமுடையது. உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் நோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே வரி. நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஏன் சிதைவதில்லை? இசைக்குரிய எண்களோடு, அவற்றிலிருந்தே கணக்கிட்ட மிகை எண்களையும் சேர்த்து, எல்லாவற்றையும் இடம் மாற்றிப் பரப்பி எழுதியிருக்கிறார்கள். வரியின் போக்கில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அழிந்தாலும், எஞ்சியவற்றைக் கொண்டு கருவி அழிந்ததைக் கண்டுபிடித்து நிரப்பிவிடும். ஏட்டில் செல்லரித்த ஓர் எழுத்தை, அடுத்த அடியின் எதுகையைக் கொண்டு பதிப்பாசிரியர் மீட்டெடுப்பதை இது எனக்கு நினைவூட்டுகிறது. எதுகையும் மோனையும் செவிக்கு இன்பம் தருவன என்று மட்டுமே மாணவர்க்குச் சொல்லி வந்தேன்; அவை காவலும் ஆகும் என்பதை இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

இனி வையைக் கரைக்கு வருகிறேன்.

நம் பள்ளத்தாக்கில் ஓடும் முல்லையாறு வையையோடுதான் கலக்கிறது. அந்த வையையைப் பாடிய பரிபாடல் எழுபது பாட்டுக்கள் கொண்ட தொகை. முழுமையாக நமக்குக் கிடைத்தவை 22. உ.வே. சாமிநாதையர் 1918இல் அதனைப் பதிப்பித்தார். சங்கத் தொகை நூல்கள் பிறவற்றில் இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. பெரும்பாலான பாட்டுக்களின் இறுதியில், பாடிய புலவர் பெயரோடு நில்லாமல், அதற்கு இசை வகுத்தவர் யார், பண் எது என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. ஆறாம் பாட்டு வையையைப் பற்றியது. பாடியவர் ஆசிரியன் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் பாலையாழ். பாட்டுக்கள் அடுக்கப்பட்டிருப்பதும் பண்ணின் வரிசையில்தான்: 12ஆம் பாட்டு வரை பாலையாழ், 13 முதல் 17 வரை நோதிறம், 18 முதல் 21 வரை காந்தாரம்.

நல்லச்சுதனாரின் இசை இன்று நம்மிடம் இல்லை. ஓர் அசைக்குக்கூட அது எப்படி ஒலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் பெயர் இருக்கிறது. மருத்துவத் தொழிலராகிய ஒருவர் வையைப் பாட்டுக்கு மெட்டமைத்தார் என்ற செய்தி, ஏடெழுதிய முகமறியாத கைகள் பலவற்றின் வழியாக நம்மை வந்தடைந்திருக்கிறது. எந்த நூற்றாண்டிலாவது ஒருவர், பாட்டு இருந்தால் போதும், மெட்டுப் போட்டவர் பெயர் எதற்கு என்று எண்ணி ஓலையை மிச்சப்படுத்தியிருந்தால் அந்தப் பெயர் மறைந்திருக்கும்.

இதைப் படித்துக்கொண்டிருந்த அன்று மாலைதான் அப்பாவின் அலமாரியிலிருந்து இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தகட்டை எடுத்தேன். இதே உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் 1986இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு. அதனைத் தியாகராசருக்கும் செர்மானிய இசைமேதை பாஃக்குக்கும் அவர் காணிக்கையாக்கியிருக்கிறார். அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அப்பா அந்தப் பெயரின் கீழ்ப் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் "இவர் கையைக் கும்பிடணும்" என்று எழுதியிருந்தார். தம்பியின் கைப்பேசியில் அதே தொகுப்பைத் தேடினேன். இசை முழுவதும் இருந்தது. திரையில் கண்ட பெயர் ஒன்றே ஒன்று. வயலின்காரர் பெயரும் இல்லை, காணிக்கையும் இல்லை.

அங்கே இசை அழிந்தது, பெயர் நின்றது. இங்கே இசை நிற்கிறது, பெயர் உதிர்கிறது. கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அம்மா கேட்கும் பழைய பாட்டுக்களில் பாடகர் பெயர் பெரிதாக வருகிறது, இசையமைப்பாளர் பெயர் சிறிதாக வருகிறது, எழுதியவர் பெயருக்கு இரண்டு மூன்று இடங்களைத் தொட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. போனாலும் சில பாட்டுக்களுக்கு அது இருப்பதில்லை. சிலவற்றில் தவறாக இருக்கிறது. பெரியகுளத்து மு. மேத்தாவும் இப்பக்கத்து நா. காமராசனும் வைரமுத்துவும் பாட்டெழுதப் போன மாவட்டம் இது. இங்கேயாவது இந்த வருத்தம் புரியும்.

குறுந்தகடுகள் எல்லாம் குறிப்பேட்டோடு வந்தன என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு படங்களை ஒரு தட்டில் அடைத்து, பாடலாசிரியரை அறவே விட்டுவிட்ட திரையிசைத் தகடுகள் எங்கள் அலமாரியிலேயே நிறைய உண்டு. 2005இல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசகத் தொகுப்பைப் போல, புடாபெஸ்ட் இசைக்குழுவினரின் பங்கும், ஆங்கில வரிகள் எழுதிய ஸ்டீபன் சுவார்ட்சின் பங்கும் தெரியவரும் பணிகள் சிலவே. என் வாதம் தகட்டுக்காக அன்று. அத்தகட்டோடு வந்த தாளுக்காக.

அப்படியானால் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கருவியை எடைக்குப் போடலாமே என்று தம்பி கேட்டான். அவன் கணக்குப் படித்தவன், சரியான கேள்விதான். அதற்கு விடை தேடியபோது திருமுறைகண்ட புராணம் நினைவுக்கு வந்தது. மூவர் தேவாரம் தில்லையில் பூட்டிய அறையில் இருந்தது. திறந்து பார்த்தபோது ஏடுகள் பலவற்றைக் கறையான் தின்றிருந்தது. எஞ்சியவற்றுக்குப் பண் தெரியவில்லை. பின்னர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் திருஎருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் வழியாகவே பண் வகுத்தார்கள் என்று அந்நூல் சொல்கிறது. வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். பூட்டிய அறை ஏட்டைக்கூடக் காக்கவில்லை. பாடிக்கொண்டிருந்த ஒரு பெண் பண்ணைக் காத்தார். ஆகவே அலமாரியில் பூட்டி வைக்கிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வீட்டில் பதிந்த தகடுகளின் சாயம் வெளிறுகிறது. கடையில் வாங்கிய தகட்டிலும் அலுமினியப் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறலே கொடியது. நாம் எல்லோரும் இத்தனை நாளும் அடிப்பக்கத்தைத்தானே பொத்திப் பொத்தி வைத்தோம்!

தீர்ப்பு இதுதான். இரண்டும் இருக்கும். தகடுகளைக் கணினியில் ஒவ்வொன்றாகப் படியெடுத்து வருகிறோம். சொந்த உபயோகத்துக்குப் படியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. படிகளை ஒரு சிறு நினைவகத்தில் இட்டுச் செருகினால், தம்பியின் ஸ்ட்ரீமரே இணையமின்றி அவற்றைப் பாடுகிறது. பழைய கருவியின் தட்டு வெளியே வராமல் சிக்கிக்கொண்டிருந்தது. சின்னமனூரில் ஒரு மெக்கானிக் உள்ளேயிருந்த இறுகிப்போன ரப்பர் பெல்ட்டை மாற்றி, லென்சைத் துடைத்துக் கொடுத்தார். தூசி படியாமலிருக்க வாரம் ஒருமுறையாவது அதை ஓட்டச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அம்மா ஓட்டுகிறார். அட்டைப் படத்தைப் பார்த்தே எடுக்கிறார். எழுத்துச் சிறிதாக இருப்பதால் அப்பாவின் பென்சில் குறிப்புகளை என்னைப் படிக்கச் சொல்கிறார்.

படியெடுக்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர், கிடைத்தால் வாசித்தவர் பெயர்களையும் நானே தட்டச்சு செய்து வருகிறேன். இதுவரை 63 தகடுகள் முடிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்பது பாட்டுக்களுக்கு எழுதியவர் யாரென்று தகட்டிலும் இல்லை, இணையத்திலும் ஒத்த செய்தி இல்லை. பட்டியலைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். விழா முடிந்ததும் மூத்த கவிஞர்கள் அருள்கூர்ந்து பார்த்து, தெரிந்த பெயரைச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.